பெட்டிக்கு உண்டா கழிவு?

திருக்கனூர் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே எடை மேடையின் மேல் என் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பச்சைத் தோல் பெட்டி, இரண்டு பக்கமும் பித்தளைப் பூட்டு. அதைச் சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள், மல்லாட்டை விற்க வந்த குடியானவர்கள், டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர். எல்லோரும் நான் பிரான்சுக்கு என்ன எடுத்துப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஆடிப்பட்டத்தில் விதைத்தது அப்போதுதான் மண்டிக்கு வந்துகொண்டிருந்தது. காலடியில் தொலி நொறுங்கியது. பச்சைக் கொட்டையின் பால் வாசனையும் சாக்கு வாசனையும் கலந்து மூக்கை நிறைத்தன.

"இன்னா சவரி, இன்னா சரக்கு இது?" என்றார் மண்டிக்காரர் கோவிந்தசாமி.

"பொண்ணு பிரான்சுக்குப் போவுது. ஏரோப்ளேன்ல இருவது கிலோதான் ஏத்துவானாம். எங்க போட்டுப் பாக்கறது? வூட்ல இருக்கறது படி, மரக்கா. அதான் உன்னாண்ட எடுத்தாந்தேன்" என்றார் அப்பா.

அப்பா அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். பிரான்சு என்ற சொல் மண்டியின் கடைசி மூட்டை வரைக்கும் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். போயிற்று.

எனக்கும் அதில் வருத்தமில்லை. வில்லியனூருக்கு மேற்கே எங்கள் கோயில் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த முதல் பெண் நான். எங்கள் வீட்டில் ஆண், பெண் இரண்டிலுமே முதல் ஆள். புதுச்சேரியில் நர்ஸ் படிப்பை முடித்து, மாலை வகுப்பில் பிரெஞ்சு கற்று, பிரான்சின் மேற்குக் கோடியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தேன். அது தனிக் கதை. இது பெட்டி கட்டிய கதை.

ரோசாலி அத்தையின் சட்டம்

எங்கள் எதிர்வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்த வீட்டு சொல்தா மாமா இறந்துவிட்டார். அவர் மனைவி ரோசாலி அத்தை மட்டும் பென்ஷனோடும் ஒரு கிளியோடும் இருந்தார். அத்தை பன்னிரண்டு வருடம் அந்தத் தேசத்தில் குடித்தனம் நடத்தியவர். எதை எடுத்துப் போவது, எதை அங்கே போய் வாங்குவது என்பதில் எங்கள் ஊருக்கே அவர்தான் கோர்ட்டு.

"கேட்டுக்க பிலோமி. சோப்பு, சக்கர, உப்பு, ஒண்ணும் எடுக்காத. தெரு மொனையில கெடைக்கும். கூலி எதுல ஏறுதோ அத இங்கயே முடிச்சிக்க. ஜாக்கெட்டு ஒரு பத்து தெச்சிக்க. அங்க தையக்கூலி குடுத்து மாளாது. அந்தக் கடவாப் பல்லு வலிக்குதுன்ன இல்ல? புடுங்கிட்டுப் போ."

"பல்லையா அத்தை?"

"ஆமாண்டி. அங்க ஒரு பல்லுக்குக் குடுக்கற காசுல இங்க ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்."

பிடுங்கிக்கொண்டேன். மூலக்குளத்து ரோட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். என் பயணத்துக்கான முதல் ஏற்பாடு அதுதான்.

கனமான சாமான் எதையும் எடுக்கக்கூடாது, அங்கே ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தை கூடும், அதில் வாங்கவேண்டும் என்பது அத்தையின் அடுத்த விதி. "வெள்ளக்காரன் செத்தா அவன் சட்டி, பானை, கம்பளி எல்லாம் சந்தைக்கு வந்துடும். தேயாது, கிழியாது. தண்ணி வெலைக்கு அள்ளிக்கலாம்."

நான் என் கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போக ஆசைப்பட்டேன். நர்ஸ் உடுப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குத் தாங்காது. எங்கள் தெருவில் தேய்த்த பாவாடையோடு பள்ளிக்கூடம் போனவளும் நான்தான்.

அத்தை சிரித்த சிரிப்பில் கிளி பயந்துபோய்ச் சிறகடித்தது. "கரிக்கு எங்கடி போவ? ஆஸ்பத்திரி ரொட்டியக் கருக்கி எடுப்பியா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஆட்டவில்லை. அது கோட்டு.

சொல்தா மாமாவின் பட்டாளத்துக் கோட்டை அத்தை பெட்டியிலிருந்து எடுத்தார். அந்துருண்டை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. சாணிப் பச்சைக் கம்பளி, கணுக்கால் வரை நீளம், என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம்.

"மத்ததெல்லாம் மெதுவா வாங்கிக்கலாம். ஆனா எறங்கற அன்னிக்கே குளிருமே. அன்னிக்கே எந்தச் சந்தைக்குப் போவ?"

நியாயமான கேள்வி. ஆனால் என் மனதில் ஒரு சிவப்புக் கோட்டு இருந்தது. இடுப்பில் வார் வைத்தது, பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தின் படத்தில் பார்த்தது. முதல் சம்பளத்தில் அதை வாங்குவதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்திருந்தேன். அதுவரை குளிரைத் தாங்கிக்கொள்வேன். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி பாரீஸில் போய் இறங்கமாட்டேன்.

"எனக்கு வேணாம் அத்தை" என்றேன்.

அத்தை கோட்டை மடித்து அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டு கிலோ

மண்டிக்குத் திரும்புமுன் அப்பாவின் பழைய சண்டை ஒன்றைச் சொல்லவேண்டும்.

மண்டியில் மல்லாட்டையைச் சாக்கோடு எடை போடுவார்கள். சாக்கு சரக்கில்லை அல்லவா? அதனால் மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துவிட்டு மிச்சத்துக்கு விலை போடுவார்கள். இதற்குச் சாக்குக் கழிவு என்று பெயர். கழிப்பது சரி, இரண்டு கிலோதான் அநியாயம் என்பது அப்பாவின் வழக்கு.

"என் சாக்கு ஒரு கிலோகூட வராது. தண்ணில முக்கிப் போட்டாலும் ரெண்டு வராது" என்பார் அப்பா.

"ஊர் வழக்கம் சவரி. உனக்கு மட்டும் தனித் தராசா வைக்கமுடியும்?" என்பார் கோவிந்தசாமி. பிறகு இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

ஆகவே என் டிக்கெட்டில் இருபது கிலோ என்று போட்டிருந்ததை நான் படித்துச் சொன்னபோது, அப்பா கேட்ட முதல் கேள்வி, "பொட்டி போகத்தான?"

"பின்னே?" என்றேன் நான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்துப் பார்த்தவள் நான்தான். இருந்தும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. சாக்கையும் சேர்த்து எடை போடுகிற மண்டி உலகத்தில் உண்டா?

மண்டியில் ஓர் ஏலம்

கோவிந்தசாமி முறைப்படி காலிப் பெட்டியை முதலில் மேடையில் வைத்தார். "நாலு" என்றார். "அப்ப மொத்தம் இருவத்தி நாலு வரைக்கும் போலாம். அடுக்கும்மா."

அம்மா சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் அடுக்கினேன். பத்து ஜாக்கெட், ஆறு புடவை. உள்பாவாடைகளை அம்மா முந்தானையில் மறைத்துக்கொண்டே வைத்தாள். மிளகாய்த்தூள். கொட்டை எடுத்த புளி. குழம்புத்தூள். வாழைமட்டையில் கட்டிய நெத்திலிக் கருவாடு.

பிறகு என் இரண்டு புத்தகங்கள். ஒன்று நர்ஸ்களுக்கான பிரெஞ்சுப் பாடநூல், இன்னொன்று அகராதி. இரண்டும் செங்கல் கனம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஆறாம் மாதம் பரீட்சை. எல்லாம் பிரெஞ்சில். தேறினால் நர்ஸ், தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

தராசுக் கோல் மேலே தூக்கிக்கொண்டது. "இருவத்தேழு. மூணு கிலோ எறங்கணும்."

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"புக்க எறக்கு, புக்க எறக்கு."

"யோவ், படிக்கத்தான்யா போவுது அந்தப் பொண்ணு. பவுடர் டப்பாவ எறக்கு."

"சீப்பு, கண்ணாடி எல்லாம் அங்க கெடைக்கும்மா. கருவாட்ட மட்டும் எறக்காத. அது இல்லாம ஒரு மனுசன் எப்டி சோறு துன்றது?"

பவுடர் போயிற்று, சீப்பு போயிற்று, நான் ஒளித்து வைத்திருந்த புது எவர்சில்வர் டிபன் கேரியர் போயிற்று. கோல் நடுங்கிக்கொண்டே சமநிலைக்கு வந்தபோது யாரோ கைதட்டினார்கள்.

"பொட்டி நாலு கழிச்சா சரக்கு சுத்தமா இருவது" என்று கோவிந்தசாமி ராகத்தோடு கூவினார். மூட்டைக்குக் கூவுகிற அதே ராகம். பிறகு பெட்டியைத் தாம்புக் கயிற்றால் தானே கட்டிக்கொடுத்தார்.

மீனம்பாக்கம்

வாடகைக் காரில் மெட்ராஸ் போனோம். மழைக்கு முந்தைய புழுக்கம். நான் ஆகாய நீல நைலக்ஸ் புடவையும் குதிகால் செருப்பும் அணிந்திருந்தேன். அப்பா தோளில் அந்தக் கோட்டு. "எதுக்குப்பா இது?" என்றதற்கு, "ரோசாலிகிட்ட இன்னான்னு சொல்றது? ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டுப் போட்டும்" என்றார்.

கவுண்டரில் டை கட்டிய இளைஞர் பெட்டியை எடையில் வைத்தார். முள் ஆடி நின்றது.

"இருபத்துநாலு. நாலு கிலோ அதிகம்."

அப்பா திருப்தியோடு தலையாட்டினார். "ஆமா சார். கரெக்டா கீது. பொட்டி நாலு. கழிச்சிக்கோங்க."

"எதைக் கழிக்கணும்?"

"பொட்டிய சார்."

"பெட்டியை ஏன் கழிக்கணும்?"

அப்பா சுற்றிலும் பார்த்தார், சாட்சிக்கு ஆள் தேடுகிற மாதிரி. "பொட்டி சரக்கா சார்? நீங்களே சொல்லுங்க. சரக்குக்குத்தான இருவது கிலோ?"

"பெரியவரே, பெட்டியும் ஏரோப்ளேன்லதானே ஏறுது?"

அப்பா பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் எரிந்தது. அகராதி வைத்திருக்கிறவள், இரண்டு மொழியில் படித்தவள், நானும் அல்லவா தலையாட்டினேன்!

அதிகப்படிக்குக் கட்டவேண்டிய தொகையை அவர் சொன்னார். எங்களால் ஆகாது. பின்னால் வரிசை முனகியது. கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தரையில் திறந்தோம்.

அம்மா குந்திக்கொண்டாள். கை நேராகப் புத்தகங்களுக்குப் போயிற்று. "ரோசாலி இன்னா சொன்னா? அங்க கெடைக்கறது எதையும் எடுக்காதன்னா இல்ல? பிரெஞ்சு புக்கு பிரான்சுல கெடைக்காதா? கருவாடு கெடைக்குமா?"

சட்டப்படி அம்மா சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு புத்தகங்களிலும் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தேன். காய்ச்சலுக்கு, கட்டுக்கு, மண்ணீரலுக்கு. மூன்று வருட மாலைகள் அந்தப் பென்சில் எழுத்தில் இருந்தன. அதை எந்தச் சந்தையில் வாங்குவேன்? அது இல்லாமல் ஆறு மாதத்தில் பரீட்சை எழுதினால், ஏழாம் மாதம் இதே மீனம்பாக்கத்தில் இறங்கவேண்டியதுதான்.

"புக்க விடமாட்டேம்மா."

"அப்ப பட்டினி கெடப்பியா?"

"பட்டினி கெடந்தாலும் கெடப்பேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அப்போது கவுண்டர் இளைஞர் எட்டிப் பார்த்து, எங்கோ பார்க்கிற மாதிரி சொன்னார்: "உடம்பு மேல போட்டிருக்கிறது எடையில வராதும்மா."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அப்பா தோளைப் பார்த்தோம்.

முதலில் சிரித்தது அம்மாதான்.

பட்டாளத்துக் கோட்டுக்கு எத்தனை பை! வெளியே இரண்டு, ஒவ்வொன்றும் முழங்கை ஆழம். நெஞ்சில் இரண்டு. உள்ளே இரண்டு. வலப்பக்கம் பாடநூல், இடப்பக்கம் அகராதி. நெஞ்சில் மிளகாய்த்தூள், குழம்புத்தூள். உள்ளே புளி. அம்மா ஒவ்வொன்றாகத் திணித்தாள், மூட்டை பிடிக்கிற மாதிரி அப்பா கோட்டின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"கருவாடு?" என்றாள் அம்மா.

"அது பெட்டியிலேயே இருக்கட்டும்மா, தயவுசெய்து" என்றார் இளைஞர், மூக்கைப் பிடித்துக்கொண்டு. மறுபடி எடை போட்டார். இருபதுக்கு ஒரு மயிரிழை கீழே.

நீல நைலக்ஸ் புடவையும் குதிகால் செருப்பும் கோட்டுக்குள் காணாமல்போயின. வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. என் சிவப்புக் கனவை எண்ணிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. படிப்பு இரண்டு பக்கமும் ஆட, சாப்பாடு நெஞ்சில் கனக்க, நிறைமாதக்காரி போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

விமானப் பணிப்பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. கை கொடுத்து ஏற்றினாள், முன்வரிசையில் உட்கார வைத்தாள், கேட்காமலே ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தாள். மறுப்பதா என்று யோசித்தேன். பசித்தது. குடித்துவிட்டேன்.

சந்தையில் கிடைத்ததும் கிடைக்காததும்

பாரீஸில் கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. அந்த நிமிடம் ரோசாலி அத்தை எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அத்தையின் சட்டம் பெரும்பாலும் பலித்தது. ஞாயிற்றுச் சந்தையில் ஒரு முட்டைக்கோசு விலைக்கு மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கினேன். கம்பளிப் போர்வை, இரும்புச் சட்டி, பனிக்கான பூட்ஸ் எல்லாம் அங்கே வாங்கியவைதான். ஜாக்கெட்டைத் தைக்க ஒருத்தி கேட்ட கூலியில் ஊரில் புடவையே எடுக்கலாம்.

தோற்றது சீப்பில். அந்த ஊர்ச் சீப்புகள் அந்த ஊர்த் தலைக்கானவை. என் பின்னலில் மூன்று உடைந்தன. கண்ணாடி முன் நின்று, மண்டியில் சீப்பை இறக்கச் சொன்ன அந்த மனிதரைத் தமிழில் திட்டினேன்.

சிவப்புக் கோட்டும் அதே சந்தையில் கிடைத்தது, வாரோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக்கொள்வேன். வேலைக்குப் போக சொல்தா கோட்டுதான். அதன் நெஞ்சுப் பையில் மிளகாய்த்தூள் பொட்டலம் ஒரு மூலையில் பிரிந்திருக்கிறது. எத்தனை உதறியும் போகவில்லை. நான் பஸ்ஸில் ஏறினால் இரண்டு நிறுத்தத்துக்குள் பக்கத்திலிருப்பவர்கள் தும்முவார்கள். எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்தது.

பென்சில் எழுத்து என்னைக் கைவிடவில்லை. ஆறாம் மாதம் பரீட்சை எழுதினேன். தேறினேன். பெயர்ப் பலகையில் என் பெயருக்கு முன்னால் நர்ஸ் என்று போட்ட அன்று, அந்தப் பலகையை மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்ப ஒரு முறை

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்தேன். இந்த முறை பெட்டியை ஆஸ்பத்திரித் தராசில், பெட்டியோடு சேர்த்து எடை போட்டேன். கோட்டுப் பைகளும் நிரம்பி வந்தன, ஊசி, நூல், ரோசாலி அத்தைக்குப் பிடித்த ஒரு துண்டு சீஸ்.

வீட்டில் அதைப் பிரித்ததும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "இன்னாடி இது, எலி செத்த நாத்தம்?"

"உன் கருவாட்டுக்கு இது ஒண்ணும் கொறச்சல் இல்ல மரியா" என்றார் அத்தை, ஏற்கெனவே வாயில் போட்டுக்கொண்டு. பிறகு கோட்டை வாங்கி, ஆசையாக நெஞ்சுப் பையில் கை விட்டார். அடுத்த நொடி தும்மத் தொடங்கியவர் வீட்டுக்குப் போகும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் அப்பாவோடு மண்டிக்குப் போனேன். அதே பால் வாசனை. ஆனால் எடை மேடையில் ஒரு புதுமை. மூட்டை ஏறுவதற்கு முன், மடித்த காலிச் சாக்கு ஒன்று ஏறியது. கோவிந்தசாமி அதை எடை பார்த்துச் சொன்ன பிறகுதான் மூட்டை வந்தது. அப்பாவுக்கு மட்டுமல்ல, வரிசையில் நின்ற எல்லோருக்கும்.

"எப்போலேர்ந்துப்பா?"

அம்மா பிறகு விவரமாகச் சொன்னாள். மீனம்பாக்கத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் அப்பா விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாராம். திண்டிவனம் தாண்டியதும் தொடையைத் தட்டி, "கோவிந்தசாமி காலிப் பொட்டிய தனியா போட்டுப் பாத்தான் இல்ல?" என்றாராம். மறுநாள் காலை சாக்கும் கையுமாக மண்டியில் நின்றிருக்கிறார். "என் பொண்ணு பொட்டிய காலியா எடை போட்டு, அது எவ்ளோ வந்துச்சோ அதத்தான் கழிச்ச. என் சாக்குக்கும் அப்டியே செய். அன்னிக்கு முடிஞ்சது இன்னிக்கு இன்னாத்துக்கு முடியாது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாராம். அந்தப் பத்துப் பேரும் அன்று என் பெட்டியைப் பார்த்தவர்கள்.

கோவிந்தசாமி என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "வாம்மா, நர்சம்மா. ஊருக்கு வந்தியே, சந்தோசம். உன் பொட்டியால எனக்கு மூட்டைக்கு ஒரு கிலோ போச்சி."

"அண்ணே, பெட்டிய நீங்கதானே போட்டீங்க?"

"அதான்மா தப்பு. பொட்டியப் போடாம, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சிருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் முதல் மூட்டையின் காலிச் சாக்கை எடுத்து, சுருக்கம் போக உதறி, நான்காக மடித்து, மேடையின் நடுவில் வைத்தார். பிறகு ஒதுங்கி நின்று என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சிச் சொல்லும்மா" என்றார்.

நான் குனிந்து கோலைப் பார்த்தேன். மண்டி முழுக்கக் கேட்கும்படி, கோவிந்தசாமியின் ராகத்திலேயே, படித்துச் சொன்னேன்: "ஒரு கிலோவுக்கும் கம்மி!"